முதல் நாயகி ரோசி அம்மையார்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதுவது நமக்குக் கிடைத்துவரும் பேறு. புலவர், புரவலர், நாட்டுத் தொண்டர் எனப் பலரைப் பற்றி முன்னைய மலர்களில் எழுதினோம். இவ்வாண்டு காலனி இளைஞர்கள் நம்மிடம் வந்து, பெரியோர் வரலாறுகள் போதும், பேய்ப்படங்களில் புகழ்பெற்ற நடிகை ஒருவரின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டனர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் நமக்குத் திரையுலகப் பயிற்சி சிறிதே. எனினும் இளைஞர் விருப்பத்தைத் தட்டுவானேன் என்று ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம்.

மலையாளத் திரையில் பேய்க்கதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பார்கவி நிலையம். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய கதை. வின்சென்ட் இயக்கிய படம். அதில் கொலையுண்ட பெண்ணாகவும் அவளது ஆவியாகவும் விஜயநிர்மலா நடித்தார். நம் பகுதியிலோ படம் வருமுன்பே பேய் உண்டு. நாகர்கோயிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியின் கதையைப் பாட்டிமாரிடம் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எவர்? இக்கதைகளை எல்லாம் ஒருங்கே வைத்து நோக்கியபோது நமக்கு ஒன்று புலப்பட்டது. பேயாகி வருபவள் எப்போதும் அநீதி இழைக்கப்பட்ட பெண். உயிரோடு இருந்த நாளில் அவள் முறையீட்டைக் கேட்பார் இல்லை. ஆகவே இறந்தபின் வெண்சேலை உடுத்தி, கூந்தலை விரித்து, தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வருகிறாள்.

இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில், பேயாக ஒருநாளும் வாராத பெண்மணி ஒருவரின் நினைவு நம்மைப் பற்றிக்கொண்டது. நாம் நாள்தோறும் நடக்கும் இதே நெய்யாற்றின்கரை, பாறசாலைச் சாலை வழியே, உயிருக்கு அஞ்சி அவர் தெற்கு நோக்கிச் சென்றார். மலையாளத் திரைப்படத்தின் முதல் நாயகி அவர். பெயர் பி. கே. ரோசி. இளைஞர்கள் பொறுத்தருள்க! அவர்கள் கேட்ட திகில் இவ்வரலாற்றிலும் உண்டு. அதை விளைத்தவர் மனிதர் என்பதே வேறுபாடு.

ரோசி அம்மையார் 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் திருவனந்தபுரத்து நந்தன்கோட்டில் பிறந்தார். இயற்பெயர் இராஜம்மா. தந்தையார் பவுலோஸ், தாயார் குஞ்ஞி. அந்நாளில் புலையர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். தந்தையை இளமையிலேயே இழந்தார். புல்லறுத்து விற்று வயிறு வளர்க்க வேண்டிய நிலை. பள்ளிப் படிப்பு அவர்க்கு எட்டாக் கனி.

அந்நாளைய திருவிதாங்கூரின் நிலையை இளந்தலைமுறையினர் அறிதல் வேண்டும். இன்னார் இன்ன சாலையில் நடக்கலாம், இன்னார் இன்ன உடை உடுக்கலாம் என்று வரையறுத்த நாடு அது. மார்பை மறைத்துச் சீலை அணியும் உரிமைக்கே தென் திருவிதாங்கூரில் பல ஆண்டுகள் பெரும் போராட்டம் நிகழ்ந்து, 1859இல்தான் ஓரளவு உரிமை கிட்டியது. நம் நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் நாராயணகுரு சிவலிங்கம் நாட்டினார். வெங்ஙானூரிற் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்று புரட்சி செய்தார். ஊருட்டம்பலத்துப் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியையே தீயிட்டுக் கொளுத்தினர். ஒடுக்கப்பட்ட குழந்தை உட்கார்ந்த பலகையில் தம் குழந்தை உட்காரலாகாது என்பதே காரணம். அச்சிறுமி வாழ்ந்த நாட்டில், அதே சமூகத்தில், அதே காலத்தில் வளர்ந்தவர் நம் இராஜம்மா.

புல்லறுக்கும் பெண்ணிடம் கலை குடிகொண்டிருந்தது. அதற்கு வாயில் திறந்தது காக்காரிசி நாடகம். இக்கலையைப் பற்றித் தமிழராகிய நாம் ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல இயலாது. சிவபெருமானும் உமையம்மையும் குறவர் போன்ற காக்காலர் வடிவில் மண்ணுலகில் அலைந்து திரிவதைக் கூறும் நாட்டுப்புற நாடகம் அது. ஆடலும் பாடலும் நையாண்டியும் நிறைந்தது. தமிழும் மலையாளமும் விரவிய மொழியில் நடப்பது. இவ்விரு மொழிகளும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று பிரித்தறிய முடியாத நம் எல்லைப்புறத்து மக்களுக்கு அது சொந்தக் கலை. பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்துவந்த அம்மேடையில் இராஜம்மா துணிந்து ஏறினார். பெண் மேடையேறினாலே பழி பேசும் காலம் அது. பழிக்கு அஞ்சாமல் ஆடினார், பாடினார், சில ஆண்டுகளில் பெயர் பெற்றார்.

இனி, அவரைத் திரைக்குக் கொணர்ந்தவரைப் பற்றிக் கூறுவோம். ஜே. சி. டேனியல் என்பார் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த செல்வக் கிறித்தவக் குடும்பத்தினர். சிலம்பம், வாட்பயிற்சி, களரி முதலியவற்றில் ஆழ்ந்த பற்றுடையவர். இக்கலைகளை உலகுக்குக் காட்டச் சினிமாவே ஏற்ற கருவி என்று கருதினார். சென்னைக்குச் சென்றார், பம்பாய்க்குச் சென்றார், படம் பிடிக்கும் தொழிலைக் கற்றார். தம் நிலபுலன்களை விற்றுத் திருவனந்தபுரத்துப் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். அதுவே கேரளத்தின் முதல் படப்பிடிப்பு நிலையம்.

அந்நாளில் புராணப் படங்களே பெரிதும் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் நடராஜ முதலியார் எடுத்த முதல் ஊமைப்படமும் கீசக வதமே. டேனியலோ சமூகக் கதையைத் தேர்ந்தார். படத்தின் பெயர் விகதகுமாரன். காணாமற்போன மைந்தன் என்பது பொருள். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகனைப் பூதநாதன் என்னும் கொடியவன் இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். அங்கே அவன் தோட்டக் கூலியாய் வளர்கிறான். உறவினனான ஜெயச்சந்திரன் தற்செயலாக அவனைக் கண்டு, ஊருக்கு அழைத்து வருகிறான். காணாமற்போனவனின் தங்கை சரோஜினியும் ஜெயச்சந்திரனும் காதல் கொள்கின்றனர். இதுவே கதை. பிழைப்புக்காகக் கடல் கடந்த கூலி மக்களின் வாழ்வு முதல் மலையாளப் படத்திலேயே இடம்பெற்றது, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஊன்றி நோக்கத்தக்கது.

ஜெயச்சந்திரனாக டேனியலே நடித்தார். பூதநாதனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ்ப்படங்களில் புகழ்பெற்ற பி. எஸ். சரோஜாவின் தந்தையார். டேனியலின் சிறு மகன் சுந்தரம் குழந்தை வேடம் ஏற்றான். நாயகிக்குத்தான் பஞ்சம். நற்குடிப் பெண்கள் சினிமாவின் பெயரைக் கேட்டாலே கதவை அடைத்தனர். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை கேட்ட வசதிகளை டேனியலால் நிறைவேற்ற முடியவில்லை. அந்நிலையில்தான் காக்காரிசி மேடையில் ஆடிய இராஜம்மாவைப் பற்றி அவர் கேள்வியுற்றார். இராஜம்மா ரோசி ஆனார். நாயர் குலத்துச் செல்வமகள் சரோஜினியாகக் கேமராவின் முன் நின்றார். பத்து நாள் நடித்தார் என்றும், நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் ஊதியம் பெற்றார் என்றும் கூறுவர்.

அந்தப் பத்து நாட்களை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வாழ்க்கையில் எந்த முற்றத்தில் கால் வைக்கலாகாது என்று தடுக்கப்பட்டாரோ, அந்த முற்றத்து மகளாகவே படப்பிடிப்பில் அவர் உலவினார். எந்த உடையைத் தொடலாகாதோ அதை உடுத்தினார். மாலையில் வேடம் கலைத்துத் தம் குடிசைக்குத் திரும்பினார். நிலையத்தில் சமைத்த உணவை அங்கிருந்து உண்ணவும் தயங்கினார், தம் உணவைத் தாமே கொண்டுவந்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். நடிப்பு அவர்க்குத் தொழில் மட்டுமன்று. ஒரு பகற்பொழுதின் விடுதலை.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. 1928 என்று நெடுங்காலம் எழுதிவந்தனர்; பின்னர்க் கிடைத்த சான்றுகளைக் கொண்டு 1930 அக்டோபர் 23 என்பர். புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். ரோசி வருவதாயின் தாம் வருவதற்கில்லை என்று அவர் கூறிவிட்டமையால், படத்தின் நாயகி படத்தின் முதற்காட்சிக்கு அழைக்கப்படவில்லை என்பர். மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைத்து, மணப்பெண்ணை வாசலில் நிறுத்தியது போன்ற செயல் இது.

விளக்கணைந்தது, படம் ஓடியது. திரையில் நாயர் நங்கையாகத் தோன்றியவர் யார் என்பது கூட்டத்தினர்க்குத் தெரிந்திருந்தது. ஜெயச்சந்திரன் சரோஜினியின் கூந்தலில் இருந்த மலரை முத்தமிடும் காட்சி வந்தபோது கொட்டகை கொதித்தெழுந்தது. கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. படத்தில் ஒலி கிடையாது. பார்த்தவர்களின் கூச்சலே அன்று ஒலியாயிற்று. வெறி அத்துடன் அடங்கவில்லை. நாட்கள் சிலவற்றில் ரோசியின் குடிசைக்கும் தீ வைத்தனர். புல்லறுத்து வாழ்ந்த குடும்பத்தின் ஓலைக் கூரை எரிய எவ்வளவு நேரமாகும்?

உயிர் தப்பிய ரோசி, இரவோடிரவாகச் சாலைக்கு ஓடினார். நாகர்கோயில் நோக்கிச் சென்ற சரக்கு லாரி ஒன்று அவரை ஏற்றிக்கொண்டது. அன்று அந்தத் திக்கில் இரயில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை வந்தது 1979ஆம் ஆண்டில்தான். இன்று நாம் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் கடக்கும் தொலைவை, அந்த லாரி இருளில் தட்டுத்தடுமாறிக் கடந்திருக்கும். தமிழ்நாட்டு நெசவாளர் குடியேறிய பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, பின்பு கள்ளியங்காடு, நாகர்கோயில். நீலி உலவுவதாக மக்கள் அஞ்சும் இடத்தை நள்ளிரவில் கடந்த அப்பெண்ணுக்கு நீலியிடம் அச்சம் தோன்றியிருக்குமா? தீப்பந்தம் ஏந்தி வந்த மனிதரைக் கண்டவர்க்குப் பேய் எம்மாத்திரம்!

ரோசி தமிழ்நாட்டுக்கு ஓடினார் என்று பலரும் எழுதுகின்றனர். எல்லைப்புறத்தில் வாழும் நாம் இதனைத் திருத்தியறிதல் வேண்டும். 1930இல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை ஏது? நாகர்கோயிலும் திருவிதாங்கூர் அரசரின் ஆட்சியிலேயே இருந்தது. அதே அரசு, அதே சட்டம், அதே சாதி. அங்கே அவர்க்குப் பாதுகாப்பாய் அமைந்தது ஒன்றே: அவரை ஒருவரும் அறியார். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவர் வந்த வழியின் குறுக்கே அதன் பின்னரே கோடு விழுந்தது.

லாரி ஓட்டி வந்த கேசவ பிள்ளை என்பவரே அவருக்கு வாழ்வளித்தார். இருவரும் மணந்துகொண்டனர். சாதி விட்டு மணந்தமையால் கேசவ பிள்ளையை அவர் வீட்டார் ஒதுக்கினர் என்பர். திரையில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகக் கல்லெறி பெற்றவரை, வாழ்க்கையில் ஓர் ஆடவர் மனைவியாக ஏற்றுத் தம் உறவையும் இழந்தார். இந்த வரலாற்றில் வீரர் என்று ஒருவரைக் கூற வேண்டுமாயின், இவரையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

நாகர்கோயிலில் ரோசி மறைந்தார்; இராஜம்மாள் வாழ்ந்தார். சமைத்தார், பிள்ளை பெற்றார், வளர்த்தார். காக்காரிசி ஆடவில்லை, திரையில் தோன்றவில்லை. பழைய பெயரைத் தம் மக்களிடத்தும் பெரிதும் எடுத்ததில்லை என்பர். மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய பாலன் 1938இல் வெளிவந்து, நாயகியர் பலர் புகழ்பெறத் தொடங்கிய காலத்திலும், முதல் நாயகி தம் வீட்டு அடுப்படியில் வாய் திறவாமல் இருந்தார். இடையில் 1936இல் ஆலயப் பிரவேச அறிக்கை வெளிவந்தது. கோயிற் கதவுகள் திறந்தன. ரோசிக்கு மூடிய கதவு மட்டும் அவர் கண்மூடும் வரையில் திறக்கவேயில்லை.

டேனியலின் பிற்காலமும் இரங்கத்தக்கதே. படத்தால் பெரும்பொருளை இழந்து நிலையத்தை மூடினார். பின்பு பல் மருத்துவம் கற்றுத் தமிழ்நாட்டு நகரங்களில் தொழில் நடத்தினார். முதுமையில் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையோடு வாழ்ந்தார். நலிந்த கலைஞர்க்குரிய உதவியைக் கேரளத்திடம் வேண்டியபோது, அவர் தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று காரணம் காட்டி மறுத்தனர் என்பர். 1975 ஏப்ரல் 27இல் மறைந்தார். கோடு குறுக்கே விழுந்தமையால் கேரளத் திரையின் தந்தை அயலார் ஆனார்! செய்தியாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அயராது எழுதியதன் பயனாகவே அவர் புகழ் நிலைபெற்றது. 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் உயரிய திரை விருதை வழங்கி வருகிறது.

ரோசியை உலகம் நினைக்க மேலும் காலம் சென்றது. குன்னுக்குழி மணி என்னும் எழுத்தாளர் 1970களில் தொடங்கி அவரைத் தேடித் தேடி எழுதினார். வினு ஆபிரகாம் அவரைப் பற்றி நாவல் எழுதினார். 2013இல் கமல் இயக்கிய செல்லுலாய்டு என்னும் படம் டேனியல், ரோசி இருவர் வரலாற்றையும் திரையில் காட்டியது. 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் தம் திரைப்படக் கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். சென்னையிலும் அவர் பெயரால் திரைவிழா நடந்தது. 2023இல் அவரது 120ஆம் பிறந்த நாளன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் ஓவியத்தை வரைந்தது. ஓவியந்தான்! விகதகுமாரனின் படச்சுருள் முழுதும் அழிந்துவிட்டது. அவர் நடித்த ஒரு காட்சியேனும் இன்று காணக் கிடையாது. தீ வைத்தவர்கள் விரும்பியதைக் காலமும் செய்து முடித்தது.

பெருமக்களே! இத்துடன் முடித்திருந்தால், நூறாண்டுக்கு முன்னைய கொடியோரைப் பழித்த நிறைவோடு நாம் கைகழுவியிருக்கலாம். நம் நெஞ்சு அதற்கு இசையவில்லை. கூறவேண்டிய ஒன்று நம் காலனிக்குள்ளேயே உள்ளது.

சென்ற ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம் நடந்தது. தலைமை வேடத்துக்குத் துப்புரவுப் பணியாளர் குடியிருக்கும் கடைசி வரிசை வீட்டுச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தோம். வழக்குரை காதையின் நீண்ட உரையாடலை மூன்றே நாளில் அவள் மனப்பாடம் செய்தாள். அவள் சிலம்பை உயர்த்திப் பேசியபோது ஒத்திகையில் இருந்த நாம் எழுந்து நின்றுவிட்டோம். பின்பு சிலர் முணுமுணுத்தனர். பத்தினித் தெய்வத்தின் வேடத்துக்கு வேறு பிள்ளையே கிடைக்கவில்லையா என்று கேட்டனர். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேடம் கைமாறியது. அவளுக்குத் தேர்வு நெருங்குகிறது என்று காரணம் கூறப்பட்டது. நாடகக் குழுவில் இருந்த நாம் வாய் திறக்கவில்லை. விழாவன்று அவள் திரைக்குப் பின்னே நின்று, மறந்த இடங்களில் எடுத்துக் கொடுத்தாள். நாம் கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை. மள்ளூர் கோவிந்தப் பிள்ளையும் இவ்விரண்டையும் செய்தவர் அல்லர்.

ரோசி அம்மையார் வரலாற்றை எழுதி முடித்த அன்று மாலை, நாமும் நாடகக் குழுவினர் இருவரும் அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். சென்ற ஆண்டு நிகழ்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். இவ்வாண்டு நாடகத்தில் அவளே நாயகியாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒன்றே ஒன்று கேட்டார். மகளின் பெயரை, அவர் வைத்த பெயரை, மலரில் அச்சிட்டுத் தரவேண்டும் என்றார். அவ்வாறே செய்துள்ளோம். நிகழ்ச்சி நிரலின் நாடகப் பகுதியில் முதல் வரியாக அது நிற்கிறது.

விழாவன்று அனைவரும் குடும்பத்தோடு வருக. முன்வரிசையில் அமர்க. அவள் மேடையேறும்போது கை தட்டுக. பெயரை இழந்து, ஊரை இழந்து, உருவத்தையும் இழந்த முதல் நாயகிக்கு எல்லைப்புறத் தமிழர் செலுத்தும் கடன் அதுவே ஆகும்.

வாழ்க ரோசி அம்மையார் புகழ்! வளர்க நம் சங்கம்!